அமைச்சரின் உத்தரவுக்கு எல்லை உண்டா? குடிநுழைவு, குடியுரிமைச் சட்டங்கள் சொல்வது என்ன?

"மேலிட உத்தரவு." அரசாங்க முகப்பில் நிற்கும் நம்மவர்களுக்கு இந்தச் சொல் புதிதல்ல. குடியுரிமை விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது, நுழைவு அனுமதி ரத்தானது, கடப்பிதழ் முடக்கப்பட்டது என்று கடிதம் வரும். ஏன் என்று கேட்டால், மேலிட உத்தரவு என்பதே பதில். பலர் அத்தோடு வீடு திரும்பி விடுகிறார்கள்.

அந்த மேலிடத்துக்கும் மேலே ஒன்று இருக்கிறது. அமைச்சரோ இலாகாவின் தலைமை இயக்குநரோ தாம் நினைத்தபடி உத்தரவு போட முடியாது. சட்டம் கொடுத்த அதிகாரத்துக்குள், சட்டம் சொன்ன முறைப்படிதான் போட முடியும். ஆனால் அந்த எல்லையை வகுக்கும் சட்டமே சில வேளைகளில் அமைச்சரின் கையைக் கட்டாமல் நீதிமன்றத்தின் கையைக் கட்டிவிடுகிறது. மலேசிய இந்தியர்களை, குறிப்பாகச் சிவப்பு அடையாள அட்டையோடு வாழும் குடும்பங்களை, நேரடியாகத் தொடும் விஷயம் இது. சுங்கை பினாங், ஜெலுத்தோங் வட்டார அடுக்குமாடி வீடுகளில் இருப்போருக்கும் தோட்டங்களில் இருப்போருக்கும் பயன்படும்படி அதை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

உத்தரவு எங்கிருந்து பிறக்கிறது?

நாட்டில் நுழைவது, தங்குவது, வெளியேற்றப்படுவது ஆகிய மூன்றையும் ஆள்வது 1959/63ஆம் ஆண்டு குடிநுழைவுச் சட்டம். குடிமகன் அல்லாத எவரும் முறையான அனுமதி இல்லாமல் நாட்டுக்குள் வரக்கூடாது என்கிறது அதன் 6ஆவது பிரிவு. நுழைவைத் தடுக்கவும் கொடுத்த அனுமதியை ரத்து செய்யவும் தலைமை இயக்குநருக்கு அதிகாரம் தருகிறது 9ஆவது பிரிவு. எந்த ஒருவருக்கும், அல்லது ஒரு பிரிவினர் முழுமைக்கும், உத்தரவின் வழி விலக்கு அளிக்கும் அதிகாரத்தை 55ஆவது பிரிவு உள்துறை அமைச்சருக்குக் கொடுக்கிறது.

இத்தகைய நிர்வாக முடிவுகள் எல்லாமே கெடுதல் என்று சொல்ல முடியாது. 2023 டிசம்பர் 1 முதல் இந்தியக் குடிமக்கள் விசா இல்லாமல் 30 நாள் வரை இங்கு தங்கலாம் என்றானது. தமிழகத்தில் உள்ள அத்தையும் மாமாவும் கல்யாணத்துக்கு வந்து போவது அதனால் எளிதாயிற்று. அதற்கென நாடாளுமன்றத்தில் தனிச் சட்டம் எதுவும் நிறைவேற்றப்படவில்லை. அரசாங்கத்தின் முடிவே போதுமானதாக இருந்தது. நாளை அதை மீட்டுக்கொள்வதற்கும் இன்னொரு முடிவே போதும். நிர்வாக உத்தரவின் இயல்பு அதுதான்.

இந்த உத்தரவுகளுக்கெல்லாம் மேலே இருப்பது கூட்டரசு அரசியலமைப்பு. அதுவே நாட்டின் உச்சச் சட்டம் என்கிறது 4ஆவது விதி. சட்டப்படி அல்லாமல் எவருடைய உயிரையும் தனிமனித சுதந்திரத்தையும் பறிக்கக்கூடாது என்பது 5ஆவது விதி. அதில் 'எவரும்' என்றுதான் இருக்கிறது. குடிமக்களுக்கு மட்டும் என்று இல்லை. சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்பது 8ஆவது விதி. குடிமகன் எவரையும் நாட்டை விட்டு வெளியேற்றவோ, நாட்டுக்குள் வரவிடாமல் தடுக்கவோ முடியாது என்பது 9ஆவது விதி.

நாடு கடத்தலும் வேலை பெர்மிட்டும்

நிர்வாக உத்தரவின் வலியை நம் மூதாதையர் நன்கு அறிவார்கள். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். சீனத் தொழிலாளர்களுக்கு இணையான சம்பளம் வேண்டும், துரைமார் எதிரே வரும்போது சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற கட்டாயம் ஒழிய வேண்டும் என்பவை அவர்களின் கோரிக்கைகளில் அடங்கும். முன்னின்றவர்களில் ஒருவர் 'தமிழ் நேசன்' நாளிதழின் துணையாசிரியர் ஆர்.எச். நாதன். அந்த ஆண்டு மே மாதம் அவர் கைது செய்யப்பட்டு, பின்னர் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். அவரை அகற்ற அரசாங்கத்துக்கு ஓர் உத்தரவு போதுமானதாக இருந்தது.

அடுத்த அடி சுதந்திர நாட்டில் விழுந்தது. 1968ஆம் ஆண்டு வேலை வாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, குடிமகன் அல்லாதவர் வேலை செய்ய பெர்மிட் எடுக்க வேண்டும் என்றானது. 1969க்குப் பிறகு அது கடுமையாக அமலுக்கு வந்தது. தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்திருந்தும் குடியுரிமைக்கு உரிய காலத்தில் மனுச் செய்யாதவர்கள் திடீரென அந்நியர் ஆனார்கள். ஏறத்தாழ 60,000 பேர் தமிழகம் திரும்பினார்கள் என்பது வரலாற்றாசிரியர்கள் தரும் கணக்கு. கப்பலேறாமல் இங்கேயே தங்கிவிட்டவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று பத்திரப் பிரச்சினையோடு அலைவதற்கு அந்தக் காலமும் ஒரு காரணம்.

நீதிமன்றம் போட்ட எல்லை, நாடாளுமன்றம் எடுத்த எல்லை

1969 மே கலவரத்துக்குப் பிறகு நாட்டில் அவசரகாலம் பிரகடனப்படுத்தப்பட்டது. நாடாளுமன்றம் கூடாத வேளையில் மாமன்னர் அவசரச் சட்டம் இயற்றலாம் என்கிறது அரசியலமைப்பின் 150ஆவது விதி. 1971 பிப்ரவரியில் நாடாளுமன்றம் மீண்டும் கூடியது. ஆனாலும் பழைய அவசர அதிகாரத்தைக் காட்டி 1975இல் பாதுகாப்பு வழக்குகளுக்கான புதிய விதிமுறைகள் கொண்டு வரப்பட்டன. அது செல்லுமா என்ற கேள்வி, தே செங் போ வழக்கின் வழி அன்றைய இறுதி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. நாடாளுமன்றம் கூடிய பிறகு அந்த அதிகாரம் முடிந்துவிட்டது, ஆகவே அந்த விதிமுறைகள் செல்லாது என்று 1978 டிசம்பரில் தீர்ப்பு வந்தது.

நிர்வாகத்துக்கு எல்லை போட்ட முக்கியமான தீர்ப்பு அது. அதற்கு நாடாளுமன்றத்தின் பதில் என்ன தெரியுமா? 1979இல் ஓர் அவசர அதிகாரச் சட்டத்தை நிறைவேற்றி, செல்லாது என்று சொல்லப்பட்ட விதிமுறைகளைப் பின்தேதியிட்டுச் செல்லுபடியாக்கியது.

இரண்டாவது சம்பவம் நம் வட்டாரத்தோடு நேரடித் தொடர்புடையது. சுங்கை பினாங் சட்டமன்றத் தொகுதி அடங்கியிருப்பது ஜெலுத்தோங் நாடாளுமன்றத் தொகுதியில். 1978 முதல் 1999 வரை அதன் உறுப்பினராக இருந்தவர் கர்ப்பால் சிங். 1987 அக்டோபர் 27இல் தொடங்கிய லாலாங் நடவடிக்கையில் 100க்கும் மேற்பட்டோர் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டமான இசாவின் கீழ் கைதானார்கள். கர்ப்பாலும் அவர்களில் ஒருவர். அவரை இரண்டாண்டு தடுத்து வைக்க உள்துறை அமைச்சர் உத்தரவிட்டார். அதற்குக் காட்டிய ஆறு காரணங்களில் ஒன்று உண்மைக்குப் புறம்பானது என்று தெரிந்ததும், 1988 மார்ச்சில் ஈப்போ உயர்நீதிமன்றம் அவரை விடுவித்தது. சில மணி நேரத்தில் அவர் மீண்டும் கைது செய்யப்பட்டார். உயர்நீதிமன்றத் தீர்ப்பையும் உச்சநீதிமன்றம் பின்னர் மாற்றிவிட்டது. 1989 ஜனவரியில்தான் அவர் வெளியே வந்தார்.

அதே 1989இல் இசா சட்டத்தில் 8பி என்ற புதிய பிரிவு நுழைந்தது. அமைச்சரின் தடுப்புக் காவல் முடிவை எந்த நீதிமன்றமும் சீராய்வு செய்ய முடியாது. சட்டம் சொன்ன நடைமுறை பின்பற்றப்பட்டதா என்பதை மட்டுமே பார்க்கலாம் என்றது அது. அமைச்சர் காட்டிய காரணம் உண்மையா, நியாயமா என்று கேட்கும் வாசல் அதோடு சாத்தப்பட்டது.

59ஏ: ஒரே பிரிவில் அடைபட்ட கதவு

இசாவில் வந்த அதே வாசகம் எட்டு ஆண்டுகள் கழித்துக் குடிநுழைவுச் சட்டத்துக்குள் வந்தது. 1997இல் சேர்க்கப்பட்ட 59ஏ பிரிவின்படி, இந்தச் சட்டத்தின் கீழ் அமைச்சரோ தலைமை இயக்குநரோ எடுக்கும் முடிவை நீதிமன்றம் சீராய்வு செய்ய முடியாது. இங்கும் நடைமுறைக் கேள்வி ஒன்றுதான் விதிவிலக்கு. சபா, சரவாக் மாநிலங்களுக்கான சிறப்புக் குடிநுழைவு அதிகாரத்தின் கீழ் அந்த மாநில அரசாங்கங்கள் எடுக்கும் முடிவுகளுக்கும் இது பொருந்தும்.

இதற்கு முந்திய 59ஆவது பிரிவையும் சேர்த்துப் படிக்க வேண்டும். உத்தரவு போடும் முன் சம்பந்தப்பட்டவருக்குத் தம் தரப்பைச் சொல்ல வாய்ப்பளிக்க வேண்டியதில்லை என்கிறது அது. சிலப்பதிகாரம் படித்தவர்களுக்கு இதன் ஆபத்து விளங்கும். கோவலனை விசாரிக்காமல் பாண்டியன் இட்ட உத்தரவில்தான் மதுரையின் துயரம் தொடங்குகிறது. எதிர்த் தரப்பைக் கேள் என்பது நம் மரபிலும் உண்டு, உலகின் எல்லா நீதி மரபுகளிலும் உண்டு. அதையே வேண்டாம் என்று எழுதி வைத்திருக்கிறது இந்தப் பிரிவு.

59ஏ பிரிவின் முழு பலத்தையும் சந்தித்தவர் ஒரு தமிழர். சபாவில் வழக்கறிஞராகத் தொழில் செய்து வந்த சுகுமார் பாலகிருஷ்ணனின் நுழைவு அனுமதி, மாநில அதிகாரிகளின் உத்தரவின் பேரில் ரத்து செய்யப்பட்டது. அவர் மலேசியக் குடிமகன்தான். ஆனால் தீபகற்பத்தைச் சேர்ந்தவர் சபாவில் தங்கித் தொழில் செய்ய அனுமதி வேண்டும். மேல்முறையீட்டு நீதிமன்றம் 1998இல் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 2002இல் கூட்டரசு நீதிமன்றம் அதை மாற்றியது. நாடாளுமன்றம் தெளிவாகக் கதவை அடைத்துவிட்ட பிறகு, நீதிமன்றம் அதைத் திறக்க முடியாது என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம்.

19 ஆண்டுகள் கழித்து அதே பிரிவு மீண்டும் கூட்டரசு நீதிமன்றம் ஏறியது. 2016 மே மாதம் தென்கொரியாவின் குவாங்ஜூ நகரில் மனித உரிமை விருது பெறப் புறப்பட்ட பெர்சே தலைவர் மரியா சின் அப்துல்லா, விமான நிலையத்தில் தடுத்து நிறுத்தப்பட்டார். தடை சில நாள்களில் நீங்கியது. ஆனால் தடை விதித்த அதிகாரத்தையே அவர் நீதிமன்றத்தில் கேள்வி கேட்டார்.

2021 ஜனவரி 8ஆம் தேதி ஏழு நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். அதில் இரண்டு பகுதிகள் உண்டு. விரும்பியபடி பயணத் தடை விதிக்கும் வரம்பற்ற அதிகாரம் தலைமை இயக்குநருக்குக் கிடையாது என்பதில் எழுவரும் ஒத்துப் போனார்கள். 59ஏ பிரிவு அரசியலமைப்புக்கு முரணானதா என்பதில் மட்டும் அவர்கள் பிரிந்தார்கள். ஐவர், அது செல்லும் என்றார்கள். தலைமை நீதிபதி துங்கு மைமுன் துவான் மாட்டும் நீதிபதி நளினி பத்மநாதனும் செல்லாது என்றார்கள்.

ஆக, சட்டம் கொடுக்காத அதிகாரத்தை ஓர் அதிகாரி எடுத்துக்கொண்டால் நீதிமன்றம் தலையிடும். சட்டம் கொடுத்த அதிகாரத்தை அவர் தவறான காரணத்துக்குப் பயன்படுத்தினால் 59ஏ இன்னமும் குறுக்கே நிற்கிறது.

இந்திரா காந்தி வழக்கு திறந்த சாளரம்

இந்த இடத்தில் நம் சமூகம் மறக்க முடியாத இன்னொரு தீர்ப்பு வருகிறது. ஈப்போவைச் சேர்ந்த எம். இந்திரா காந்தி, தம் மூன்று பிள்ளைகள் தமக்குத் தெரியாமல் மதமாற்றம் செய்யப்பட்டதை எதிர்த்து நீண்ட காலம் போராடினார். 2018 ஜனவரி 29ஆம் தேதி கூட்டரசு நீதிமன்றம் அந்த மதமாற்றச் சான்றிதழ்களை ரத்து செய்தது.

பிள்ளைகளைப் பற்றிய தீர்ப்பாகவே நாம் அதை நினைவில் வைத்திருக்கிறோம். அதில் இன்னொன்றும் இருக்கிறது. நிர்வாகத்தின் முடிவுகளைச் சீராய்வு செய்யும் அதிகாரம் அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பைச் சேர்ந்தது. அதை நீதிமன்றத்திடமிருந்து எடுத்துவிட முடியாது என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. 1988இல் அரசியலமைப்பின் 121ஆவது விதியைத் திருத்தி நீதிமன்றத்தின் அதிகாரத்தைச் சுருக்கிய நாளிலிருந்து இருந்து வந்த இருட்டில் அது ஒரு சாளரம். அந்தப் பாதையில்தான் 2021இல் இரு நீதிபதிகள் மாற்றுத் தீர்ப்பு எழுதினார்கள். பெரும்பான்மை அந்தப் பக்கம் போகவில்லை. ஆயினும் மாற்றுத் தீர்ப்புகள் வீண்போவதில்லை. அடுத்த வழக்கில் வழக்கறிஞர்கள் கையில் எடுப்பது அவற்றைத்தான்.

குடியுரிமை: உரிமையா, தயவா?

பத்திரம் இல்லாத குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. குடியுரிமை இரண்டு வழியில் வருகிறது.

முதல் வழி, 14ஆவது விதி. குறிப்பிட்ட நிபந்தனைகள் பொருந்தினால் ஒருவர் சட்டப்படி தாமாகவே குடிமகன் ஆகிறார். இங்கே பிறந்து, பெற்றோரில் ஒருவர் குடிமகனாக இருந்தால் பிள்ளை குடிமகன். இங்கே பிறந்து, வேறு எந்த நாட்டுக் குடியுரிமையும் பிறப்பால் கிடைக்காத பிள்ளைக்கும் அரசியலமைப்பின் இரண்டாம் அட்டவணையில் இடமுண்டு. இதில் அமைச்சர் கொடுப்பதற்கு எதுவும் இல்லை. ஏற்கெனவே இருக்கும் உரிமையை இலாகா ஏற்றுப் பதிய வேண்டும், அவ்வளவுதான். மறுத்தால், இவர் குடிமகன் என்று அறிவிக்கும்படி நீதிமன்றத்தைக் கேட்கலாம்.

இரண்டாவது வழி, விண்ணப்பம். 15ஏ விதியின் கீழ், சிறப்புச் சூழலில் உள்ள பிள்ளைகளை அரசாங்கம் குடிமக்களாகப் பதியலாம். மெர்டேக்காவுக்கு முன் இங்கே பிறந்தவர்களுக்கு 16ஆவது விதி. அதற்குக் கடந்த ஏழு ஆண்டுகளில் ஐந்தாண்டு இங்கே வாழ்ந்திருக்க வேண்டும், நன்னடத்தை வேண்டும், ஆரம்ப அளவு மலாய் தெரிய வேண்டும். மற்றவர்களுக்கு 19ஆவது விதி. அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளில் பத்தாண்டு வாழ்ந்திருக்க வேண்டும், போதுமான மலாய் அறிவும் வேண்டும். இவை அரசாங்கத்தின் விருப்புரிமையைச் சார்ந்தவை. இந்த முடிவுகளுக்கு எதிராக எந்த நீதிமன்றத்திலும் மேல்முறையீடோ மறுஆய்வோ கிடையாது என்று இரண்டாம் அட்டவணையின் மூன்றாம் பகுதி சொல்கிறது. 59ஏவுக்கு அரசியலமைப்பிலேயே இருக்கும் அண்ணன் இது.

எனவே எந்த விதியின் கீழ் விண்ணப்பம் போடுகிறோம் என்பது வாழ்க்கையையே மாற்றக்கூடும். 14ஆவது விதியின் கீழ் உரிமை உள்ள பிள்ளைக்கு, எளிதாக இருக்கும் என்று எண்ணி 15ஏவில் மனுப் போட்டுவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு. உரிமையைக் கேட்க வேண்டிய இடத்தில் தயவைக் கேட்டு நிற்பது அது. முதலில் ஒரு வழக்கறிஞரிடம் பிறப்புப் பத்திரத்தையும் பெற்றோரின் பத்திரங்களையும் காட்டி, 14ஆவது விதி பொருந்துமா என்று கேட்டுவிட வேண்டும்.

2018 ஜூன் மாதம், 60 வயதைக் கடந்த 3,407 சிவப்பு அடையாள அட்டை இந்தியர்களுக்குக் குடியுரிமை வழங்கப்படும் என்று அன்றைய பிரதமர் துன் மகாதீர் அறிவித்தார். முதியவர்களுக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் அது பட்டியலில் இருந்தவர்களுக்கான முடிவு. பட்டியலில் இல்லாதவர், அதே தோட்டத்தில் அதே ஆண்டில் பிறந்திருந்தாலும், காட்டுவதற்கு அதில் உரிமை ஒன்றும் இல்லை.

2024 அக்டோபர் 17ஆம் தேதி மக்களவை நிறைவேற்றிய அரசியலமைப்புத் திருத்தம் இதன் இரு முகங்களையும் காட்டுகிறது. வெளிநாட்டில் பிள்ளை பெறும் மலேசியத் தாய்மாருக்கு, தந்தையருக்கு இணையான உரிமை சட்டத்திலேயே எழுதப்பட்டது. அதுவரை அவர்கள் அமைச்சரின் முடிவுக்காகக் காத்துக் கிடந்தார்கள். அதே திருத்தத்தில் இன்னொரு பகுதி, இங்கே பிறக்கும் பிள்ளைக்குப் பெற்றோரில் ஒருவர் நிரந்தரவாசியாக இருந்தால் போதும் என்றிருந்த வாசகத்தை எடுத்துவிட்டது. அதாவது, சிவப்பு அடையாள அட்டைப் பெற்றோருக்கு, திருத்தம் அமலான பின் பிறக்கும் பிள்ளைகள் அந்த வழியில் தாமாகவே குடிமக்கள் ஆக முடியாது. 15ஏவின் கீழ் விண்ணப்பிப்பதற்கான வயது வரம்பும் 21இலிருந்து 18ஆகக் குறைந்தது. ஒரு பக்கம் தயவு உரிமையாக மாறியது. இன்னொரு பக்கம் உரிமை தயவாக மாறியது.

அமெரிக்காவில் நடந்தது என்ன?

உலகம் முழுவதும் இந்த இழுபறி உண்டு. 2017 ஜனவரியில் அமெரிக்க அதிபர் டிரம்ப், முஸ்லிம்கள் பெரும்பான்மையாக உள்ள ஏழு நாட்டவர்கள் நுழைவதற்கு நிர்வாக ஆணையால் தடை போட்டார். பின்னர் மாற்றி எழுதப்பட்ட அந்தத் தடையை 2018 ஜூனில் அமெரிக்க உச்சநீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் ஏற்றது. குடிநுழைவுச் சட்டமே அதிபருக்கு விரிந்த அதிகாரம் தருகிறது என்பது காரணம்.

அப்படியானால் அந்தச் சட்டத்தையே திருத்துவோம் என்று புறப்பட்டார்கள் அங்குள்ள பிரதிநிதிகள். மதத்தைக் காட்டிப் பாகுபாடு கூடாது, தடைக்கு ஆதாரம் வேண்டும், அது தற்காலிகமாக இருக்க வேண்டும், நாடாளுமன்றத்துக்கு விரைவில் அறிக்கை தர வேண்டும் என்று கூறும் மசோதா 2020 ஜூலையிலும் 2021 ஏப்ரலிலும் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது. செனட்டில் நிறைவேறவில்லை. இதற்கிடையில் 2021 ஜனவரியில் அதிபர் பைடன் பதவியேற்ற அன்றே தடையை ஓர் ஆணையால் நீக்கினார். டிரம்ப் மீண்டும் வந்தார். 2025 ஜூனில் 12 நாட்டவர்களுக்குப் புதிய தடை வந்தது. உத்தரவால் போனது உத்தரவாலேயே திரும்பியது. சட்டம் மாறாத வரை இது ஓயாது.

சட்டம் என்றாலே நல்லது என்றும் நினைக்க வேண்டாம். இலங்கையில் 1948ஆம் ஆண்டு குடியுரிமைச் சட்டம் லட்சக்கணக்கான மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. அதைச் செய்தது நாடாளுமன்றம்தான்.

நம் நாட்டில் நீங்கிய சட்டங்கள்

சட்டத்தால் நிர்வாகத்தைக் கட்டுப்படுத்த முடியும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. குடிமகன் அல்லாதவரை அமைச்சர் உத்தரவால் நாடு கடத்த வழி செய்த 1959ஆம் ஆண்டு நாடு கடத்தல் சட்டமும், ஒருவரை ஊர் மாற்றிக் கட்டி வைக்கும் 1933ஆம் ஆண்டு வசிப்பிடக் கட்டுப்பாட்டுச் சட்டமும் 2011இல் ரத்தாயின. அதே ஆண்டு இறுதியில் பழைய அவசரகாலப் பிரகடனங்களை நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் முடிவுக்குக் கொண்டு வந்தன. அவற்றின் கீழ் இருந்த 1969ஆம் ஆண்டு அவசரச் சட்டமும் 2012 ஜூனில் காலாவதியானது. 2007 டிசம்பரில் இண்ட்ராஃப் தலைவர்கள் ஐவரை விசாரணையின்றிக் கமுந்திங்குக்கு அனுப்பிய இசாவும் 2012இல் நீங்கியது.

அதன் இடத்தில் சொஸ்மா வந்தது. அதன் கீழ் போலீஸ் 28 நாள் வரை தடுத்து வைக்கலாம். இரண்டாண்டுத் தடுப்புக் காவல், 2013ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழி பொக்கா எனப்படும் குற்றத் தடுப்புச் சட்டத்துக்குள் வந்தது. அந்தச் சட்டத்தின் 15ஏ பிரிவைப் பிரித்துப் பார்த்தால், வாரியத்தின் முடிவை நடைமுறைக் கேள்வி தவிர வேறெதற்கும் சீராய்வு செய்ய முடியாது என்ற அதே வாசகம் இருக்கிறது. சட்டத்தின் பெயர் மாறியிருக்கிறது, பூட்டு அதேதான்.

கையில் கடிதம் வந்தால்

ஒன்று: முடிவை எழுத்து மூலம் கேட்டு வாங்குங்கள். முகப்பில் சொன்ன வாய்வார்த்தையை வைத்து எதையும் தொடர முடியாது. எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று கடிதத்தில் பாருங்கள். இல்லாவிட்டால் எழுதிக் கேளுங்கள்.

இரண்டு: கடிதம் கைக்கு வந்த தேதியைக் குறித்து வையுங்கள், உறையையும் வீசிவிட வேண்டாம். அரசாங்க முடிவை எதிர்த்துச் சீராய்வு மனுச் செய்ய 2012ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகளின் 53ஆவது ஆணை தரும் அவகாசம் மூன்று மாதம் மட்டுமே. மேல்முறையீட்டுக் கடிதம் எழுதிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கையில் அந்த மூன்று மாதம் ஓடிவிடக்கூடும்.

மூன்று: 59ஏ இருக்கிறது என்பதால் மனந்தளர வேண்டாம். நடைமுறை மீறப்பட்டதா, அந்த அதிகாரியிடம் அந்த அதிகாரம் இருந்ததா என்ற இரண்டு கேள்விகளும் இன்னும் உயிரோடு இருக்கின்றன. பிழைக்கும் வழக்குகள் பெரும்பாலும் இவற்றில்தான் பிழைக்கின்றன.

நான்கு: யாரேனும் கைதானால், காரணத்தை அவரிடம் சொல்ல வேண்டும், வழக்கறிஞரைப் பார்க்க விட வேண்டும். குடிமகனை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். குடிநுழைவுச் சட்டத்தின் கீழ் பிடிபட்ட குடிமகன் அல்லாதவருக்கு அது 14 நாள். சட்டத்துக்குப் புறம்பான காவல் என்றால் ஆட்கொணர்வு மனுவுடன் உயர்நீதிமன்றம் போகலாம். பினாங்கு உயர்நீதிமன்றம் ஜோர்ஜ்டவுன் லைட் தெருவில் இருக்கிறது.

ஐந்து: ஏற்கெனவே குடியுரிமை உள்ள ஒருவரிடமிருந்து அதைப் பறிக்க அரசாங்கம் முற்பட்டால், காரணத்தோடு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும், விசாரணைக் குழுவிடம் கொண்டு போகும் உரிமையையும் தர வேண்டும் என்கிறது 27ஆவது விதி. சும்மா ஒரு கடிதத்தில் அது முடியாது.

ஆறு: வழக்கறிஞர் கட்டணத்துக்குப் பயந்து விட்டுவிட வேண்டாம். வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையம் பினாங்கிலும் உண்டு. குடியுரிமைப் பத்திரச் சிக்கல்களில் டிஎச்ஆர்ஆர்ஏ மலேசியா போன்ற அமைப்புகள் பல ஆண்டுகளாக நம் மக்களுக்கு உதவி வருகின்றன.

எந்த மசோதா வந்தாலும் கேட்க வேண்டிய கேள்வி

1979, 1989, 1997 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. மூன்றிலும் அமைச்சரின் அதிகாரம் அப்படியே நின்றது அல்லது வளர்ந்தது. நீதிமன்றத்தின் கை சுருங்கியது. 2011, 2012இல் ஓரளவு மறுதிசையில் நடந்தது. இரண்டையும் செய்தவர்கள் நாம் வாக்களித்து அனுப்பிய உறுப்பினர்கள்தான்.

59ஏ பிரிவை நீக்க அரசியலமைப்பைத் திருத்த வேண்டியதில்லை. மூன்றில் இரண்டு பங்கு ஆதரவும் தேவையில்லை. சாதாரணப் பெரும்பான்மை போதும். முடிவுக்குக் காரணம் சொல்லியே ஆக வேண்டும் என்று ஒரு வரியைச் சேர்க்கவும் அதுவே போதும். அடுத்த முறை உங்கள் நாடாளுமன்ற உறுப்பினர் ஆலயத் திருவிழாவுக்கோ தமிழ்ப்பள்ளி விழாவுக்கோ வரும்போது, மானியத்தோடு சேர்த்து இதையும் கேட்டு வையுங்கள்: அமைச்சரின் உத்தரவுக்குக் காரணம் கேட்கும் உரிமையைச் சட்டத்தில் எழுத நீங்கள் கை தூக்குவீர்களா?